மிச்சிகன் பிரைமரி: பக்கத்து வீட்டுப் பந்தியில் ஓர் இலை

சேவை: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடக்கும் பிரைமரி தேர்தல், அதாவது நவம்பர் தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் யார் நிற்பது என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்வது. பயன்படுத்தியது: மூன்று முறை. கட்டணம்: தனியாக இல்லை, வரியிலேயே பிடித்துவிடுகிறார்கள். மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை.

வழக்கமாக நான் எழுதுவது மிக்சி, பிரஷர் குக்கர், டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையில் மசால் தோசை உருப்படியாகக் கிடைக்கும் என்பது பற்றித்தான். ஆனால் 2021இல் குடியுரிமை வாங்கியபின் நான் அதிகம் யோசித்துப் பயன்படுத்திய சேவை இதுதான். அதிலும் குறிப்பாக ஒரு வசதி: அடுத்த கட்சியின் வேட்பாளரை நாம் போய்த் தேர்ந்தெடுக்கலாம்.

இதைக் கரூரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் நம்பவில்லை. பல வருடம் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர். வேட்பாளர் என்றால் விருப்ப மனு, நேர்காணல், அப்புறம் தலைமை வெளியிடும் பட்டியல், அவ்வளவுதான் அவருக்கு. “அவங்க கட்சிக்கு யார் நிக்கணும்னு நீ போய்ச் சொல்லுவியா? அவங்க சும்மா இருப்பாங்களா?” என்றார். சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஃப்ளோரிடா, பென்சில்வேனியா மாதிரி மாநிலங்களில் கட்சி பெயரில் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் அந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டு. மிச்சிகனில் கட்சிப் பதிவு என்ற சமாச்சாரமே கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பந்தியில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு இலைதான், அது மட்டும் நிபந்தனை.

அந்த நிபந்தனையை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அவமானமானது.

2022 ஆகஸ்ட் 2. கவர்னர் பதவிக்கு டெமாக்ரட் பக்கம் கிரெச்சன் விட்மர் மட்டும், போட்டியே இல்லை. ரிபப்ளிகன் பக்கம் ஐந்து பேர். உண்மையில் பத்துப் பேர் வரவேண்டியது. வேட்புமனுவுக்கு 15,000 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். கூலிக்குக் கையெழுத்து வாங்கியவர்கள் போலியாகப் போட்டுக் கொடுத்ததில் ஐந்து பேர் கழன்றுவிட்டார்கள். டெட்ராய்ட்டின் முன்னாள் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க்கும் அதில் ஒருவர். மிஞ்சியவர்களில் ரயன் கெல்லி என்பவர், 2021 ஜனவரி 6 கலவர வழக்கில் அந்த ஜூனில்தான் எஃப்பிஐயால் கைதாகியிருந்தார். ஆபீஸ் நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டில் சொன்னார்: “உன் பக்கம் போட்டியே இல்ல. அந்தப் பக்கம் போய் நவம்பர்ல ஜெயிக்கவே முடியாத ஆளாப் பார்த்துப் போட்டுட்டு வா.” சாம்பார் சாதத்தோடு கேட்கும்போது பிரமாதமான யோசனையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆரம்பப் பள்ளி ஜிம்முக்குப் போனேன். அடையாள அட்டை, ஒரு விண்ணப்பத் தாள், கையெழுத்து, உடனே வாக்குச்சீட்டு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஆகஸ்ட் பிரைமரியில் இரண்டு கட்சியும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கும். மறைப்புக்குள் போய் எந்தப் பத்தியை நிரப்புகிறோம் என்பது நமக்கும் அந்தத் தாளுக்கும்தான் தெரியும். இந்த ஒரு அம்சத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

நான் ரிபப்ளிகன் பத்தியில் கவர்னருக்கு ஒரு வட்டத்தைக் கறுத்தேன். பிறகு டெமாக்ரட் பத்திக்கு வந்து, எங்கள் பகுதி மாநிலப் பிரதிநிதி இடத்துக்கு எனக்குப் பிடித்த பெண்மணிக்கு ஒன்று. பின்பக்கம் உள்ளூர் வரித் தீர்மானம், அதற்கு ஒன்று. சீட்டை மறைப்பு உறையில் வைத்துக்கொண்டு போனேன். மேலே இருந்த எண் போட்ட துண்டைக் கிழித்துக்கொண்டு அனுப்பினார்கள். மெஷினில் விட்டால், உள்ளே போன சீட்டு திரும்ப வெளியே நாக்கை நீட்டுகிறது. கூடவே ஒரு கத்தல். பின்னால் வரிசையில் எட்டுப் பேர்.

மெஷின் பக்கத்தில் இருந்த பாட்டிக்கு எழுபது வயதாவது இருக்கும். சீட்டை அவர் பார்க்கவில்லை, முகத்தை வேண்டுமென்றே திருப்பிக்கொண்டார். திரையில் வந்ததை மட்டும் படித்துச் சொன்னார்: இரண்டு கட்சிப் பத்தியிலும் குறி இருக்கிறது. இப்படியே போட்டால் கட்சி சார்ந்த ஓட்டு எதுவும் எண்ணப்படாது, பின்பக்கத் தீர்மானம் மட்டும் எண்ணப்படும். அல்லது இதைக் கழித்துவிட்டுப் புதுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். சீட்டின் தலையில் ஒரே கட்சிப் பத்தியில்தான் போடவேண்டும் என்று எழுதித்தான் இருந்தது. மிக்சி வாங்கினால் கையேட்டை முதலில் படியுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிற நான் படிக்கவில்லை.

புதுச்சீட்டோடு மறுபடி மறைப்புக்குள் நின்றபோதுதான் விலை தெரிந்தது. அந்தப் பக்கம் போனால் கவர்னர் வேட்பாளரைக் குலைக்கலாம், ஆனால் என் பக்கத்து மாநிலப் பிரதிநிதி, கவுண்டி பதவி எல்லாவற்றிலும் என் ஓட்டு போயிற்று. எங்கள் பகுதியில் நவம்பர் வெறும் சடங்கு; ஆகஸ்டில் டெமாக்ரட் பத்தியில் யார் வருகிறாரோ அவர்தான் பிரதிநிதி. நூற்றுக்கணக்கான ஓட்டில் தீர்கிற இடத்தை விட்டுவிட்டு, பத்து லட்சம் பேர் போடுகிற இடத்தில் போய் ஒரு குறும்பு செய்வதா? அதோடு இன்னொன்றும் தோன்றியது. நான் ‘ஜெயிக்கவே முடியாத ஆள்’ என்று போட்டவர் ஜெயித்துவிட்டால்? வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். சொந்தப் பத்தியை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரிபப்ளிகன் பக்கம் டியூடர் டிக்ஸன் வந்தார், நவம்பரில் விட்மரிடம் பத்துப் புள்ளிக்கு மேல் தோற்றார்.

ஆனால் ஓணான் கதை எப்போதும் அப்படியே முடிவதில்லை. அதே நாளில், எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் கிராண்ட் ராப்பிட்ஸ் தொகுதியில் நடந்தது வேறு. டிரம்ப்பைப் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்க ஓட்டுப் போட்ட பத்து ரிபப்ளிகன்களில் ஒருவரான பீட்டர் மையர் அங்கே பிரைமரியில் நின்றார். அவரை எதிர்த்த ஜான் கிப்ஸை ‘அதீத வலதுசாரி’ என்று திட்டுகிற மாதிரி விளம்பரம் ஒன்றுக்கு டெமாக்ரட் கட்சியின் பிரதிநிதிகள் சபைப் பிரசாரக் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. திட்டுவதுபோல் ரிபப்ளிகன் ஓட்டர்களிடம் அறிமுகப்படுத்துகிற வேலை. கிப்ஸ் ஜெயித்தார். நவம்பரில் டெமாக்ரட் ஹிலாரி ஷோல்டன் அவரைத் தோற்கடித்தார். பலித்ததா என்றால் பலித்தது. எனக்குப் பிடித்ததா என்றால் இல்லை. தன் கட்சியையே எதிர்த்து மனசாட்சிப்படி ஓட்டுப் போட்ட ஒருவரை அனுப்பிவைக்கப் பணம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் மனசாட்சியைப் பற்றிப் பேசக்கூடாது.

இந்த மாநிலத்தில் இது பழைய விளையாட்டு. 2000 பிப்ரவரி ஜனாதிபதி பிரைமரியில், ரிபப்ளிகன் கவர்னர் ஜான் எங்லர், ஜார்ஜ் புஷ்ஷுக்கு மிச்சிகன் அரணாக நிற்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். டெமாக்ரட்களுக்கு அன்று சொந்த வீட்டில் வேலை எதுவும் இல்லை. அவர்களும் கட்சி சாராதவர்களும் கூட்டமாக ரிபப்ளிகன் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஜான் மெக்கேன் 51க்கு 43 என்று ஜெயித்தார், அரண் சரிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2012 ரிபப்ளிகன் ஜனாதிபதி பிரைமரி. ரிக் சான்டோரம் தரப்பு, டெமாக்ரட் வீடுகளுக்குப் பதிவுசெய்த குரலில் போன் போட்டு, ‘வந்து மிட் ராம்னியைத் தோற்கடியுங்கள்’ என்றது. ராம்னி இதைக் கேவலமான தந்திரம் என்று குமுறினார். ஆனால் அதே ராம்னி 1992இல் மாசசூசெட்ஸில் டெமாக்ரட் பிரைமரியில் போய் பால் சோங்கஸுக்கு ஓட்டுப் போட்டவர். தன் பக்கம் போட்டி இல்லாதபோது, எதிரில் யார் பலவீனமோ அவருக்குப் போடுவேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு ஆபீஸில் சாம்பார் சாதத்தோடு கிடைத்த அதே யோசனை! மாமியார் உடைத்தால் மண்குடம். கடைசியில் ராம்னிதான் மூன்று புள்ளியில் தப்பித்தார்.

சரி, என் இரண்டாவது அனுபவம். 2024 பிப்ரவரி, ஜனாதிபதி பிரைமரி. இது வேறு கவுன்ட்டர் மாதிரி, விதியே வேறு. இங்கே விண்ணப்பத் தாளிலேயே எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடவேண்டும். யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம், எந்தப் பந்தி என்பது பதிவு. அந்த வருடம்தான் மாநிலம் முழுக்க முன்கூட்டியே நேரில் போடும் வசதி வந்தது, ஞாயிற்றுக்கிழமை போனேன். முந்தைய நாள்தான் நிக்கி ஹேலி தன் சொந்த மாநிலமான தென் கரோலினாவிலேயே டிரம்ப்பிடம் தோற்றிருந்தார். என் பக்கம் பைடன். முடிவு தெரிந்த போட்டி. டியர்பார்னில் இருக்கும் நண்பர் சொந்தப் பந்தியிலேயே இருந்து ‘அன்கமிட்டட்’ (எந்த வேட்பாளருக்கும் ஆதரவில்லை) என்று போட்டார், காஸாவுக்காக. ஒரு லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போட்டார்கள். நான் ரிபப்ளிகன் சீட்டு கேட்டு ஹேலிக்குப் போட்டேன்.

இந்தத் தடவை குறும்பு இல்லை. நவம்பரில் என் பக்கம் தோற்றால்கூட அந்த நாற்காலியில் இவர் இருந்தால் தூக்கம் வரும் என்று நினைத்துப் போட்ட ஓட்டு. அவர் நான்கில் ஒரு பங்கு சொச்சம் வாங்கித் தோற்றார். எனக்கு வருத்தம் இல்லை, வெளியே வரும்போது யாரையும் ஏமாற்றிவிட்டு வந்த மாதிரியும் இல்லை. அடுத்த கட்சிக்குள் போய் அங்கே இருப்பதில் நல்லதை எடுக்க இந்தச் சேவையைப் பயன்படுத்தினால் நாலரை கொடுப்பேன். கெட்டதைத் தேடி எடுக்கப் போகிறவர்களுக்கு என் மதிப்பெண் ஒன்று, அதுவும் பள்ளி ஜிம்மில் பார்க்கிங் இலவசம் என்பதற்காக.

அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அந்த டிக். அதன்பின் நவம்பர் வரை என் தபால் பெட்டியில் பளபளப்பான அட்டைகள். நான் இன்னார் கட்சி என்று யாரோ ஒரு பிரசாரக் குழு முடிவுகட்டி, தினம் ஒன்று, சில நாள் இரண்டு. மறுசுழற்சித் தொட்டி வாரம் தவறாமல் நிரம்பியது. இரவு எட்டு மணிக்கு ஒரு பையன் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, ‘நம்ம ஆள்’ என்று கை குலுக்கினான். பாவம், ஃபில்டர் காபி கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது முறை 2024 ஆகஸ்ட். சொந்தப் பத்தி, மேலிருந்து கீழ், நான்கு நிமிடம். சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆகஸ்ட் சீட்டைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் இரண்டு தடவை சரிபாருங்கள். நேரில் போனால் தப்பு செய்தவனைப் பார்த்து மெஷின் கத்தும், புதுச்சீட்டு கிடைக்கும். தபால் உறைக்குள் யாரும் கத்தமாட்டார்கள். இரண்டு பத்தியிலும் குறி இருந்தால் கட்சி ஓட்டு அத்தனையும் சத்தமில்லாமல் போய்விடும். நவம்பரில் கவர்னருக்கு ஒரு கட்சி, பிரதிநிதிக்கு இன்னொரு கட்சி என்று கலந்து போட்டுப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் மனைவி அந்த 2022 ஆகஸ்டில் எனக்கு முன்னால் வரிசையில் நின்று போட்டவள். எந்தப் பத்தியில் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், “எனக்கு மெஷின் கத்தல” என்பதோடு சரி.