கோசோ தீவில் ஒரு நாள்: பஸ்ஸா, வாடகைக் காரா, உள்ளூர் வழிகாட்டியா?

மத்தியதரைக் கடலில், மால்டாவுக்கு வடமேற்கே, 67 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அமைதியான தீவு கோசோ. மால்டாவின் சிர்கெவ்வா துறைமுகத்திலிருந்து கப்பலில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் வேண்டாம். திரும்பும்போது கோசோவின் இம்ஜார் துறைமுகத்தில் எடுத்தால் போதும். கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால், என் ஓட்டு உள்ளூர் வழிகாட்டிக்கே.

பஸ் மலிவு. ஆனால் பெரும்பாலான தடங்கள் தீவின் நடுவிலுள்ள விக்டோரியாவில் வந்து முடிகின்றன. மேற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைக்குப் போக, நடுவுக்கு வந்து அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று இடம் பார்த்தாலே பெரிது. (விக்டோரியா என்பது 1887-இல் ராணியின் பொன்விழாவுக்கு வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ‘ரபாத்’தான்.)

வாடகைக் காரில் அந்தக் காத்திருப்பு இல்லை. மால்டாவிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குப் பழகியதுதான். இரண்டு மூன்று இரவு தங்குகிறவர்களுக்கு இதுவே சௌகரியம்.

ஆனால் கோசோவில் ஒரு நாளைக் காப்பதும் கெடுப்பதும் சாலையல்ல, காற்று. வடமேற்கிலிருந்து வீசும் ‘மஜ்ஜிஸ்ட்ரால்’ காற்று பலமானால், மேற்குக் கரையிலுள்ள த்வெய்ராவில் படகு ஓடாது. அங்கே ‘உள்கடல்’ என்னும் சிறு ஏரியையும் வெளிக்கடலையும் சுமார் 80 மீட்டர் நீளக் குகை இணைக்கிறது. வெளி அலை அந்தக் குகைக்குள் புகுந்துவிட்டால் படகுக்காரர்கள் படகை எடுக்க மாட்டார்கள். வடக்கு நோக்கிய ரம்லா கடற்கரையிலும் அன்று குளிக்க முடியாது. அதே நேரத்தில் தென்கிழக்கு நோக்கிய ஹொந்தொக், இம்ஜார் இஷ்-ஷீனி விரிகுடாக்களில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தென்கிழக்கிலிருந்து ‘ஷ்லொக்’ அடித்தால் எல்லாம் தலைகீழ். உள்ளூர்க்காரர் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அன்று பார்க்கும் இடங்களின் வரிசையையே மாற்றிப்போடுவார். முன்னறிவிப்பைப் பார்த்து நாமே செய்யலாம்தான். ஆனால் எந்த விரிகுடா எந்தக் காற்றுக்கு மறைவு என்பது செயலியில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. வழிகாட்டி வேண்டும் என்பது கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் நான் உறுதியாகச் சொல்வது. குளிர்காலப் பயணத்துக்கு அதே அழுத்தத்தோடு சொல்லத் தயங்குவேன்.

அடுத்த லாபம், கண்ணுக்குத் தப்புகிறவை. ஷாராவில் உள்ள ஜிகன்டியா கோயில்கள் கி.மு. 3600 அளவில் தொடங்கியவை. தனியாகப் போனால் பெரிய கற்களைப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். விவரம் தெரிந்தவர் கூட இருந்தால், வெளிச்சுவருக்குச் சொரசொரப்பான கடினப் பவளச் சுண்ணாம்புக்கல்லையும், உள் வாசல்களுக்கு மென்மையான தேன்நிறக் கல்லையும் பிரித்துப் பயன்படுத்தியிருப்பதைக் காட்டுவார். வாசல் நிலைக்கல்லில் குறுக்குக்கட்டை செருகிய துளையையும் காட்டுவார். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள 1725-ஆம் ஆண்டுக் காற்றாலையையும் பார்க்கலாம். பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

வடக்குக் கரையிலுள்ள ஷ்வெய்னி உப்புப் பாத்திகளும் அப்படித்தான். கடல்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் கெட்டியானபின் சின்னப் பாத்திகளுக்கு மாற்றி, படியும் உப்பைத் துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். வரப்பு மென்கல், மிதித்தால் உடையும். நடக்கக்கூடிய இடம் எது என்று அங்கேயே ஒருவர் சொல்வது பாத்திக்கும் நல்லது. இந்த வேலை கோடையில் மட்டுமே. ஒரு மழை போதும், சேர்ந்த உப்பெல்லாம் கரைந்துவிடும்.

விக்டோரியா கோட்டைக்கு வழிகாட்டி அவசியமில்லை. அதற்குள் இருக்கும் பேராலயத்தின் தட்டைக் கூரையில் 1739-இல் வரைந்த பொய்க் குவிமாடத்தைப் பார்க்க, ஆலயத்துக்குள் நடுவழியில் நின்று அண்ணாந்தால் போதும்.

வழிகாட்டி என்று நான் சொல்வது உங்களுக்கு மட்டும் வருபவரை. பெரிய பஸ்ஸில் ஐம்பது பேரோடு போகும் சுற்றுலாவில் வரிசை முன்பே முடிவாகியிருக்கும். காற்று மாறினாலும் அது மாறாது. பேசும்போதே நான்கு விஷயம் கேளுங்கள்: மால்டா சுற்றுலா ஆணைய உரிமம் உண்டா, வண்டி சேர்த்துத்தான் கூலியா, படகுக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் தனியா, வரிசையை அன்று காலையில் மாற்றலாமா. உரிமம் இல்லாத ஓட்டுநர் இடத்துக்குக் கொண்டுபோய் விடலாம், கோயிலுக்குள் வந்து விளக்க முடியாது.

விளம்பரத்தில் இன்னும் ‘அஸூர் விண்டோ’ பாறை வளைவைக் காட்டி அழைத்தால் வேறு ஆளைப் பாருங்கள். அது 2017 மார்ச் 8 அன்றே கடலில் சரிந்துவிட்டது.