பென்டிரைவ் லினக்ஸ்: உபுண்டுவா, பப்பியா, எம்எக்ஸா?

பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் நாம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால் 'பெர்சிஸ்டன்ஸ்', அதாவது செய்த மாற்றங்களைப் பென்டிரைவிலேயே சேமித்து வைக்கும் வசதி, தேவை. எல்லா லினக்ஸிலும் இது உண்டு என்பார்கள். பலவற்றில் உண்டுதான், ஆனால் மாற்றங்களை எப்போது, எங்கே எழுதுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் உபுண்டு. பென்டிரைவில் லினக்ஸை எழுதித் தரும் ரூஃபஸ் என்ற விண்டோஸ் கருவியில் ஒரு ஸ்லைடரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது, இதைவிடச் சுலபம் கிடையாது. சிக்கல் போகப்போகத்தான் தெரியும். மூல சிஸ்டம், எழுத முடியாதபடி சுருக்கி வைத்த ஃபைல். நாம் செய்வதெல்லாம் அதன்மேல் தனி அடுக்காக உட்காரும். அதனால் அப்டேட் போட்டால் பழையது போகாது, புதியது மேலே ஏறும், இடம் மட்டும் கரைந்துகொண்டே வரும். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தாலும், அடுத்த முறை பூட் ஆவது முதலில் எழுதிய அதே பழைய கெர்னலில்தான்! போதாக்குறைக்கு ஒவ்வொரு சின்ன மாற்றமும் நேராகப் பென்டிரைவுக்குப் போவதால், மலிவான டிரைவ் என்றால் பிரவுசர் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

பப்பி லினக்ஸ் இதற்கு நேர் எதிர். சில நூறு எம்பிதான், மொத்தமாக ராமில் ஏறிவிடும், பழைய மெஷினிலும் பறக்கும். முதல் முறை ஷட்டவுன் செய்யும்போதுதான் சேமிக்கவா என்று கேட்கும். அப்புறம் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறையோ, டெஸ்க்டாப்பில் உள்ள சேவ் ஐகானை அழுத்தும்போதோ எழுதும். டிரைவ் சீக்கிரம் தேயாது, ஆனால் நடுவில் கரண்ட் போனால் அந்த அரைமணி நேர வேலை போச்சு. எப்போதும் ரூட் யூசராகவே, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடே, ஓடுவதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

என் ஓட்டு எம்எக்ஸ் லினக்ஸுக்கு. ராமில் வைத்திருந்து கடைசியில் எழுதுவதா, அப்போதைக்கப்போது நேராக எழுதுவதா, ஹோம் (நம் சொந்த ஃபைல்கள் உள்ள ஃபோல்டர்) மட்டும் போதுமா என்று பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். அதைவிட முக்கியம் ரீமாஸ்டர். சேர்ந்துபோன மாற்றங்களையும் மூல சிஸ்டத்தையும் ஒன்றாக்கிப் புதிதாகச் சுருக்கிக் கொடுத்துவிடும், மேல் அடுக்கு மறுபடி காலியாகும். பென்டிரைவில் உள்ள கெர்னலை மாற்றவும் தனிக் கருவி இருக்கிறது. உபுண்டுவில் சொன்ன இடம் கரைவது, பழைய கெர்னல் என்ற இரண்டு தலைவலியும் தீர்ந்தது. மெனுவில் உள்ள பெயர்கள்தான் முதல் நாள் கொஞ்சம் குழப்பும்.

அந்தரங்கப் பாதுகாப்புக்கான லினக்ஸான டெயில்ஸை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சரியில்லை. அது மறப்பதற்கென்றே செய்தது. நாம் குறிப்பிட்டுச் சொன்னதை மட்டும் என்கிரிப்ட் செய்து வைத்துக்கொள்ளும், அதற்கு 8 ஜிபி டிரைவாவது வேண்டும்.

யூஎஸ்பி எஸ்எஸ்டி கையில் இருந்தால் இந்தப் பெர்சிஸ்டன்ஸ் எதுவுமே வேண்டாம், அதில் முழுதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் எந்த டிரைவில் எழுதப்படுகிறது என்பதை மட்டும் இரண்டு முறை பாருங்கள்; தப்பித்தவறி லேப்டாப்பின் டிஸ்கில் எழுதிவிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றியதும் லேப்டாப் பூட் ஆகாமல் நிற்கலாம்.