அரசு மருத்துவமனைக்குச் சரக்கு இறக்கும் முன்: அலாட்மென்ட் (நிதி ஒதுக்கீடு) இல்லாத ஆர்டர்கள் பற்றி எச்சரிக்கை

கையுறை, சிரிஞ்சு, தையல் நூல், லேப் ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) விற்கும் மாவட்ட அளவிலான விநியோகஸ்தர்கள் அரசு சப்ளையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். மருத்துவமனை நிஜம், லெட்டர்ஹெட் நிஜம், கையெழுத்தும் நிஜம். பணம் மட்டும் இருக்காது. நடுவில் ஒரு தரகர் இருப்பார்.

ஜனவரி, பிப்ரவரியில் வருவார். "ஸ்டோர்ல சரக்கு காலி சார், நீங்க இறக்குங்க, ஆர்டர் பின்னாலேயே வரும், மார்ச்சுக்குள்ள பில் பாஸ்" என்பார். நம்பி நாலைந்து லட்சத்துக்குச் சரக்கு போகும். டெலிவரி சலானில் யாரோ ஒருவர் கிறுக்கிய கையெழுத்து, சீல் கிடையாது. மார்ச் 31 தாண்டியதும் அந்த ஆண்டு நிதி காலாவதி. ஏப்ரலில் கேட்டால் புது அலாட்மென்ட் வரவில்லை என்பார்கள். பழைய பாக்கிக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்பார்கள். அப்போது தரகர் மறுபடியும் வருவார், நிதியை விடுவிக்கத் தனக்கு ஒரு பர்சன்டேஜ் கேட்டு. அதையும் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. அலாட்மென்ட்டை எந்தத் தரகரும் விடுவிக்க முடியாது.

பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இந்த வலையில் விழ வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மருந்துக்கான ஒதுக்கீட்டில் சுமார் 90 சதவீதம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாகப் போகிறது. 1994-ல் தொடங்கிய இந்தக் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, மாவட்டக் கிடங்குகளில் சரக்கை வைத்து, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் கொடுத்துவிடும்; அதில் உள்ள தொகைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவமனை தானாக உள்ளூரில் வாங்கக் கையில் இருப்பது மிச்சமுள்ள 10 சதவீதத்தை ஒட்டித்தான். அதில் முதலில் போவது உயிர்காக்கும் மருந்துக்கு. உங்கள் கையுறையும் ஹேண்ட் ரப்பும் கடைசி வரிசை. இது தவிர முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனை சம்பாதிக்கும் தொகை, தேசிய நலவாழ்வுக் குழும நிதி, நோயாளர் நலச் சங்க நிதி என்று தனித்தனி உண்டியல்கள். ஒன்றில் பணம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றின் பில்லை அதில் போட முடியாது. "எந்த நிதியில் வாங்குகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் வராவிட்டால் வண்டியை ஏற்றாதீர்கள்.

ஆர்டர் தாளை நிதானமாகப் பாருங்கள். மேலே ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள். பொருளின் பெயர், அளவு, வரியுடன் விலை. எந்த டெண்டர் அல்லது விலைப்புள்ளியின்படி என்ற குறிப்பு. கிடங்கில் இருப்பு இல்லை என்ற சான்றின் எண். கடைசியில் கணக்குத் தலைப்பு, அதாவது எந்த நிதியில் செலவு எழுதப்படுகிறது என்பது. கையெழுத்து டீன், கண்காணிப்பாளர், இணை இயக்குநர் போல பணம் எடுக்க அதிகாரமுள்ளவருடையதாக இருக்க வேண்டும். துறைத் தலைவரான டாக்டர் எழுதிக் கொடுத்த இன்டென்ட் (தேவைச் சீட்டு) ஆர்டர் ஆகாது. வாட்ஸ்அப் செய்தி அதைவிட மோசம். ஏமாந்தவர்கள் காட்டும் தாள்களில் ந.க. எண் இருக்கும் இடம் பேனாவால் நிரப்ப விட்ட வெற்றிடமாகவே இருக்கும்.

சரக்கு இறங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று: ஸ்டாக் ரிஜிஸ்டரில் பேட்ச் எண், காலாவதி தேதியோடு பதிவாகி, அந்தப் பக்க எண் உங்கள் பில்லில் எழுதி, ஸ்டோர் பொறுப்பாளர் சீலோடு கையெழுத்திட வேண்டும். மற்ற எல்லாக் காகிதமும் போனாலும் இது ஒன்று காப்பாற்றும். முறையான ஒப்பந்தம் இல்லாமல் அரசு சரக்கை ஏற்றுப் பயன்படுத்தியிருந்தால், 1872 ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவின்படி ஈடு தர வேண்டும் என்பது மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொன்னது. ஆனால் ஏற்றுக்கொண்டதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. வேறு கழுத்தைப் பிடிக்கும். பில் போட்டதும் வரியை மறுமாதமே நீங்கள் கட்டியாக வேண்டும், மருத்துவமனை ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தாலும். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் அதை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே உங்கள் வரவுக் கணக்கான கேஷ் லெட்ஜரில் ஏறும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

லேப் அனலைசரை (பரிசோதனை மெஷினை) இலவசமாக வைத்துவிட்டு, அதன் விலையை ரீஏஜென்ட் விற்பனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனிக்காரர் உங்கள் தலையில் கட்டுவார். மாதம் குறைந்தபட்சம் எத்தனை டெஸ்ட் என்று மருத்துவமனை எழுத்தில் தராவிட்டால் வேண்டாம். அந்த டெஸ்ட் வேறொரு பெரிய லேபுக்கு மாறிய மறுநாளே உங்கள் மெஷின் துணி போர்த்திய மேசைதான்.

இன்னொரு மோசடி, குறுந்தொழில் சட்டத்தின் பெயரால். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைக் காட்டி, தாமதமான பாக்கிக்குப் புகார் கொடுக்கும் அரசின் சமாதான் போர்ட்டலில் கேஸ் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட்கள் கட்டணம் வாங்குகிறார்கள். சரக்கு வாங்கி விற்கும் வியாபாரிக்கு 2021 ஜூலை உத்தரவுப்படி உத்யம் பதிவு (குறுந்தொழில் பதிவு) வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் உதவும். இந்த வட்டி உரிமை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். சர்ஜிக்கல் விநியோகஸ்தர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள். பதிவே முற்றிலும் இலவசம், அதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் எல்லாம் போலி வேலை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டு காலவரம்பு ஓடுகிறது. அரசு மீது வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி 2 மாத நோட்டீஸ் வேண்டும். அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். அதற்கு முன் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, நீங்கள் இறக்கிய தேதியின் ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க நகலையும், அந்த ஆண்டு அந்தக் கணக்குத் தலைப்பில் வந்த ஒதுக்கீடு, செலவு விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தரகருக்குப் பணம் கொடுத்திருந்தால், ரொக்கமா, யு.பி.ஐ.யா என்று பார்த்து, யு.பி.ஐ. என்றால் அந்தப் பரிவர்த்தனை எண்களோடு காவல் நிலையத்தில் தனிப் புகார் கொடுங்கள். மருத்துவமனை பாக்கியோடு அதைக் கலக்க வேண்டாம்.