10 நாள் சீட்டு, 14 மாத மாத்திரை

ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அப்பாவோ அம்மாவோ தூக்க மாத்திரை போடுகிறார்களா? இன்றைக்கே போன் போட்டு, எந்தத் தேதிச் சீட்டைக் காட்டி வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். நான் 14 மாதம் கேட்காமல் இருந்தேன்.

அம்மா போன வருஷம் பங்குனியில் தவறிப்போனார். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், தஞ்சாவூர் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில். காரியம் முடிந்து நாங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு தூக்கமே வரவில்லை என்று அவராகவே ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், இரவு ஒன்று, 10 நாள் என்று எழுதிக் கொடுத்து, 10 நாள் கழித்து வந்து பாருங்கள் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாதான் திரும்பப் போகவில்லை. போக வேண்டிய அவசியமே இல்லாமல் தெருமுனை மெடிக்கல்காரர் பார்த்துக்கொண்டார்.

இந்த வைகாசியில் விடியற்காலை பாத்ரூம் போகும்போது அப்பா தடுமாறி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர், "என்னென்ன மாத்திரை போடுறார்?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றேன். வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொன்னார்கள். பீரோவில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே கத்தரித்த அட்டைத் துண்டுகள், ஐந்தைந்தாக. பாதிக்கு மேற்பட்ட துண்டுகளில் காலாவதித் தேதி இல்லை. கத்தரிக்கோல் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. அடியில் அதே பழைய சீட்டு, நான்காக மடித்து.

இருந்தது 0.25 அல்ல, 0.5. விசாரித்தால், சில மாதம் முன்பு மெடிக்கல்காரர் "0.25 ஸ்டாக் இல்ல சார், 0.5 இருக்கு, பாதியா உடைச்சுப் போட்டுக்குங்க" என்று கொடுத்தாராம். நடுங்கும் கையோடு கடுகளவு மாத்திரையை யார் உடைப்பது? அப்பா முழுசாகவே போட்டிருக்கிறார். கொஞ்ச நாளாகப் போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரே, வயசாகிறது, தனிமை வேறு என்று நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். இந்த வகை மாத்திரை வயதானவர்களுக்கு மறதியையும் தடுமாற்றத்தையும் கொடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைக்குப் போனேன். "அண்ணே, இது 10 நாள் சீட்டு. நீங்க எப்படி ஒரு வருஷத்துக்கு மேல கொடுத்தீங்க?" என்றேன். "தம்பி, சார் ராத்திரி தூங்காம கஷ்டப்பட்டாரு. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரு. மனசு கேக்கல, கொடுத்தேன்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார் என்றும் தோன்றுகிறது. அதுதான் எரிச்சலாகவும் இருக்கிறது. மனசு கேட்காதவர் ஒரு தடவையாவது பில் போட்டிருக்கலாமே! சுவரில் மாட்டியிருக்கும் மருந்தாளுநர் சான்றிதழில் இருக்கும் ஆளை அந்தக் கடையில் நான் பார்த்ததே இல்லை. சீட்டு மருந்தை அவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. சீட்டில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு மருந்து என்றும் இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் மட்டும் அதன்படி தரலாம். இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை: மருந்து கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் கடைக்காரர் குறிக்க வேண்டும். அப்பாவின் சீட்டை விரித்துப் பார்த்தேன். கையெழுத்துக்கு மேலே வெள்ளையாக இருந்தது. முதல் நாளே அங்கே ஒரு முத்திரை விழுந்திருந்தால் அதே சீட்டு இரண்டாவது தடவை செல்லாது என்று அப்பாவுக்கே தெரிந்திருக்கும். வாத்தியார், விதியை மீறமாட்டார்.

அல்பிரசோலம் எச்1 அட்டவணையில், அதாவது கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், வரும் மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட பெட்டிக்குள் எச்சரிக்கை இருக்கும். 2014 மார்ச் முதல் இந்தப் பட்டியல் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். வலிக்குத் தரும் டிரமடால், காசநோய் மருந்துகள், சில வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் இதே பட்டியல்தான். நோட்டைக் காட்டச் சொன்னேன். "அது இன்ஸ்பெக்டருக்குத்தான் காட்டுவோம்" என்றார்.

சரி என்று மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் முதலில் கேட்டதே பில் இருக்கிறதா என்றுதான். என்னிடம் இருந்தது பிஸ்கட் டப்பாவும் தேதியில்லாத அட்டைத் துண்டுகளும். கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். நோட்டு ஒழுங்காக இருந்ததாம். அதில் அப்பாவின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. இந்தக் கடையில்தான் வாங்கினார் என்பதற்கு அப்பாவின் வாய்வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்: தெரிந்த கடை, தெரிந்த அண்ணன் என்று பில்லை விட்டுவிடாதீர்கள். அட்டையைக் கத்தரித்தால் தேதி இருக்கும் பக்கத்துத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டில் கடை முத்திரை வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் வரச் சொல்கிறார்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் என்ன கேடு என்று நானும் திட்டியிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு தடவையும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை தருகிறார்கள். அப்பாவின் தூக்க மாத்திரையை 14 மாதமாக அப்படி யாரும் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். இதைப் படித்த வேகத்தில் மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்ய இருந்தேன். பல மாதம் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்று மனநல மருத்துவர் தடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். இப்போது பாதியில் வந்து நிற்கிறோம். அப்பா சில ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த சீட்டு 15 நாளுக்கு எழுதியிருக்கிறது. இந்த முறை நானே போய் வாங்கினேன், வேறு கடையில். கேட்காமலே முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.