வெந்நீர்த் தொட்டிக்கு எந்த மரம்? சிவப்பு சிடாரா, சூட்டில் பதப்படுத்திய பைனா?

வீட்டுக்கு வெளியே வைக்கும் வெந்நீர்த் தொட்டிக்குக் கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது தெர்மோவுட், அதாவது சூட்டில் பதப்படுத்திய பைன். எதிரே நின்றது சிவப்பு சிடார். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தொட்டியைக் கழுவுவது சுலபம்தான். ஆனால் எனக்கு மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும், அதனால் அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

சிடார் அழகு, நல்ல வாசனை. மரத்திலேயே பூஞ்சையைத் தடுக்கும் சத்து இருக்கிறது. ஆனால் வெந்நீரில் ஊற ஊற அந்தச் சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். புதுசில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பதும் இதனால்தான். தெர்மோவுட்டில் அப்படிக் கரைந்துபோக மருந்து எதுவும் இல்லை. 1990களில் பின்லாந்தில் வளர்த்தெடுத்த முறை இது. நீராவி சூழ, சுமார் 212 டிகிரி செல்சியஸ் வரை சுட வைக்கிறார்கள். பிசின் வெளியேறிவிடுகிறது. மரத்தில் பூஞ்சைக்கு எளிதில் இரையாகும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரை வகைப் பொருள் சிதைந்துவிடுகிறது. மரம் ஈரத்தை இழுப்பதும் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கடைசி விஷயம்தான். மரத்தொட்டியில் பலகைகளை நெருக்கி நிறுத்தி, எஃகுப் பட்டையால் இறுக்குவார்கள். தண்ணீர் பட்டு மரம் உப்பினால்தான் இடுக்கு அடைபடும். தொட்டியைக் காலி செய்து நாலு நாள் விட்டால் மரம் சுருங்கி வாய் பிளக்கும். முன்பு பதப்படுத்தாத பைனில் ஒரு தொட்டி வைத்திருந்தேன். பத்து நாள் காயவிட்டபோது இடுக்கில் நகமே நுழைந்தது. மறுபடி நிரப்பியதும் இரண்டு நாள் ஒழுகியது. இப்போதைய தொட்டியை அதே மாதிரி காயவிட்டுப் பார்த்தேன். இடுக்கில் ஒரு தாள் நுழையவே சிரமப்பட்டது. காலையில் நிரப்பினேன், சாயங்காலத்துக்குள் சொட்டு நின்றுவிட்டது. சிடாரும் பைனைவிடக் குறைவாகத்தான் சுருங்கும். ஆனாலும் அடிக்கடி காலி செய்பவருக்கு என் ஓட்டு தெர்மோவுட்டுக்கே.

சரி, இதிலும் குறை உண்டு. அதிகம் உப்பாத மரம் என்பதால், பலகை விளிம்பைத் துல்லியமாக இழைக்காவிட்டால் ஊறித் தானாக அடைபடும் என்று நம்ப முடியாது. சுட்டதில் மரம் நொறுங்கும் தன்மை கொள்கிறது, வளைவைத் தாங்கும் வலிமையும் குறைகிறது. முன்னதாகத் துளை போடாமல் திருகாணி இறக்கினால் ஓரம் வெடிக்கும். என் தொட்டியில் படி பொருத்தும்போது ஒரு பலகை அப்படித்தான் போனது. முதல் சில வாரம் புகை வாசனையும் வரும். மண்ணோடு ஒட்டி வைக்கக் கூடாது, அடியில் காற்றோட வேண்டும். வெயிலில் பழுப்பு நிறம் சாம்பலாகிவிடும். நிறம் முக்கியம் என்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமி கலந்த எண்ணெயை வெளிப்பக்கம் மட்டும் பூசலாம். உள்ளே வேண்டாம், தண்ணீரில் கலந்துவிடும்.

எனக்கு மூன்று வருடப் பழக்கம்தான். வருடம் முழுக்கத் தண்ணீர் நிரம்பியே இருக்கும் தொட்டி என்றால் சுருக்கம் பெரிய பிரச்சினை இல்லை, அப்போது சிடாரையும் தாராளமாகப் பாருங்கள்.