இறகா, சோயாப் புண்ணாக்கா: பிளாஸ்டிக்கில் கலக்க எது தேவலை?

கழிவுப் புரதத்தைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் அந்த அளவுக்குப் பெட்ரோலியம் மிச்சம். யோசனை நல்லதுதான், ஆனால் எல்லாப் புரதமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கோழி இறகில் ஏறக்குறைய 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். அதிலுள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அதனால் இறகு தண்ணீரில் கரையாது. சூடாக்கினாலும் உருகாது, கருகத்தான் செய்யும். உருகாததை எப்படிக் கலப்பது? நறுக்கி, இழையாகவே போடலாம். பைகள் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கெரட்டின் சிதைய 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். இந்த இடைவெளிதான் இறகின் பெரிய பலம். இழைக்குள்ளே வெற்றிடம் இருப்பதால் பொருளும் கனக்காது.

எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சோயாப் புண்ணாக்கில் 45 சதவீதம் போலப் புரதம் இருக்கும். கிளிசரினும் தண்ணீரும் சேர்த்தால் சூட்டில் இளகி, எந்திரத்தில் பிளாஸ்டிக் போலவே ஓடும். இறகால் இது முடியாது. ஆனால் சோயாக் கலவை ஈரம் பட்டால் ஊதிப்போகும். அப்புறம், தீவனமாக விலைபோகிற பொருளைக் கழிவு என்பதே கொஞ்சம் இடிக்கிறது.

சீஸ் தயாரிப்பில் வடியும் வே நீரில் புரதம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் உலர்ந்த வே படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும். கலப்பதைவிட, பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே ஓர் அடுக்காக வைப்பதே மேல்.

சரி, எந்தப் பிளாஸ்டிக்கோடு சேர்ப்பது? பாலிஎத்திலீன் தண்ணீரை அண்டவிடாது, புரதம் ஈரத்தை இழுக்கும். நடுவில் மெலெயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஒட்டிய பாலிமர் போன்ற இணைப்பான் இல்லாவிட்டால் இரண்டும் சரியாக ஒட்டாது, வலு குறையும். இந்தக் கலவையைத் தூக்கிப்போட்டால் நுண்ணுயிர்கள் புரதத்தை மட்டும் தின்றுவிடும். பிளாஸ்டிக் துணுக்குகள் மண்ணிலேயே கிடக்கும். இதை ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பது ஏமாற்று வேலை. பிஎல்ஏ என்ற தாவரவழிப் பிளாஸ்டிக் மக்கக்கூடியது, ஆனால் புரதத்தில் ஈரம் மிச்சமிருந்தால் உருக்கும் சூட்டில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோகும். பிபிஏடி என்ற இன்னொரு பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் மக்கும், 120 டிகிரி வாக்கிலேயே உருகும்.

நாற்றுத் தொட்டி செய்வதென்றால் என் தேர்வு இறகும் பிபிஏடியும்தான். கெரட்டின் மெல்லச் சிதைந்து மண்ணுக்கு நைட்ரஜனும் தரும். ஆனால் எந்திரத்தின் சூடு எல்லை மீறினால் தலைமுடி கருகுகிற அதே நாற்றம் வரும், முடியும் கெரட்டின்தானே.