நாய்க்கடி ஊசி: தசையிலா, தோலிலா?

நாய் கடித்து ஜி.எச். போனால் பெரும்பாலும் கைக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஊசி, தோலோடு தோலாகப் போடுகிறார்கள். தனியாரிடம் போனால் வழக்கமாக ஒரே ஊசி, ஒரு முழுக் குப்பி, நேராகத் தசையில். "அரசாங்க ஊசியில் மருந்து கம்மி, அதை நம்ப முடியாது" என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. மருந்து கம்மி என்பது நிஜம். பாதுகாப்பு கம்மி என்பதுதான் தப்பு.

தசை ஊசி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து முறை. தோல் ஊசி 0, 3, 7, 28 என நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மி.லி. எல்லாம் சேர்த்து 0.8 மி.லி.தான். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், நாய் கடித்த நாள் அல்ல.

இவ்வளவு குறைந்த மருந்து எப்படிப் போதும்? போடுகிற இடம் அப்படி. அந்நியப் பொருளைப் பிடித்து அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு (நோய் எதிர்ப்புச் செல்கள் கூடும் இடம்) கொண்டுபோய்க் காட்டும் செல்கள் தோலில் ஏராளம், தசையில் குறைவு. இரண்டு கையிலும் போட்டால் இரண்டு அக்குள் கணுக்களும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். தசை ஊசி அதே வேலையை அளவைக் கூட்டிச் சாதிக்கிறது. தசை ஊசிக்காரர்களின் ரத்தத்தில், கிருமியை முறியடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சற்று உயரமாக ஏறுவதும் உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனம் போதுமென வைத்திருக்கும் அளவு மி.லி.க்கு 0.5 சர்வதேச அலகு. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய எல்லோருமே, எந்த வழியில் போட்டாலும், 14ஆம் நாளுக்குள் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

தோல் ஊசிக்குக் கைப்பழக்கம் வேண்டும். சரியாக இறங்கினால் அந்த இடம் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாகப் புடைக்கும். புடைக்கவில்லையென்றால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் மறுபடி போட வேண்டும். தசை ஊசியில் கெடுக்கிற ஒரே இடம் பிட்டம். அங்கே கொழுப்பு அதிகம், எதிர்ப்பொருள் சரியாக வராது. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசை, கைக்குழந்தைக்குத் தொடை.

தசை ஊசி ஜெயிக்கும் இடமும் உண்டு. எச்.ஐ.வி. முற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குத் தசையில் ஐந்து ஊசிதான் நல்லது. மலேரியா மாத்திரையான குளோரோகுயின் எடுப்பவர்களுக்கும் அப்படியே. அந்த மாத்திரை தோல் ஊசியின் பலனை மழுக்குகிறது. அப்புறம், எப்போதாவது ஒருவர் வரும் சின்ன கிளினிக்கில் தோல் ஊசி கட்டுப்படியாகாது. திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டுமே.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவது பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் செம்பிள் இமாச்சலப் பிரதேசத்துக் கசௌலியில் 1911இல் உருவாக்கிய முறைப்படி தயாரித்த ஆட்டு மூளைத் தடுப்பூசியை. குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஒரு காலத்தில் மூளைத்திசு மருந்து தயாரித்து, பிறகு செல் வளர்ப்புக்கு மாறியது. அந்தப் பழைய மருந்தில் நரம்பு உறையின் மையலினும் கலந்திருந்ததால், உடல் சிலசமயம் தன் நரம்பையே தாக்கி வாதம் வந்தது. 2004 முடிவோடு இந்தியா அதைக் கைவிட்டது.

தோலா, தசையா என்ற சண்டையில் பலரும் கோட்டைவிடுவது முதல் வாரத்தை. எந்த ஊசியானாலும் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். வெறிநோய் (ரேபிஸ்) வைரஸ் அதற்குள் நரம்பில் ஏறிவிடலாம். முகத்திலோ தலையிலோ கடி என்றால் மூளைக்குத் தூரமும் குறைவு. அந்த இடைவெளியை அடைப்பது உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், காயத்துக்குள்ளேயே செலுத்தும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும். அது தயார் எதிர்ப்பொருள். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து என்றால் 40. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டினால் அது வேண்டாம். உடலே தயாரிக்கத் தொடங்கியிருக்கும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த இம்யூனோகுளோபுலின் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்பதுதான்.

முன்பே முழுக் கோர்ஸ் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் கதை சுருக்கம். நினைவுச் செல்கள் தயாராக இருப்பதால் 0, 3 என இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பழைய ஊசி தோலில் போட்டதா தசையில் போட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. பாதியில் ஊர் மாறி, வேறு வழியில் தொடர வேண்டி வந்தாலும் மீதியை முடித்தால் சரி. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.